இடப்பக்கம்

நாவற்குழிச் சந்தி தாண்டும்வரை
நல்ல பிள்ளை.
தனங்கிளப்பு வெளியில்தான் குணம் மாறும்.
முதலில் சின்னக் குசுகுசுப்பு மாதிரி,
பிறகு உரிமையாய்,
பிறகு பிடிவாதமாய்
இடப்பக்கம் இழுக்கும் கார்.

பூநகரிக் கந்தோருக்கு நாங்கள் நாலு பேர்.
பெற்றோல் காசு பங்கு.
காரணமும் பங்கு.
றோட்டு வாட்டம் எண்டவ யோகமலர்.
சோளகம் எண்டவர் பின்சீற்றுக் கோபிதாசன்,
கண் திறக்காமலே.
"சேர், நீங்கள் முன்னுக்கு இருக்கிறபடியால்தான்"
எண்டு நான்தான் சொன்னனான்.
அருட்பிரகாசம் சேர் நூற்றுப் பதின்மூண்டு கிலோ.
எல்லாரும் சிரிச்சம்.
அவரும் சிரிச்சவர்.

அடுத்த நாள் பின்சீற்றில், வலப்பக்க ஓரமாய்,
பையை நெஞ்சோடு அணைச்சபடி
ஆள் குறுகி இருந்தார்.
அப்பவும் இழுத்தது.
மூண்டாம் நாளிலிருந்து அவர் பஸ்.
வீட்டு வாசலிலேயே நிக்குதாம்.

கொக்குவிலில் அலைன்மென்ற் பாத்த பெடியன்
கடுதாசி அடிச்சுத் தந்தான்.
எல்லா இலக்கமும் பச்சை.
"உங்கட காருக்கு ஒண்டுமில்லை அக்கா."
என்ர வலத்தோளுக்கு மட்டும்
நாலு மாதமாய் நோ.

ஞாயிற்றுக்கிழமை தனிய வெளிக்கிட்டன்.
நாலு ரயருக்கும் காற்று முப்பது முப்பது.
சங்குப்பிட்டிப் பாலத்தில் தெற்குப் பாத்துப் போனால்
சோளகம் வலக் கன்னத்தில் அடிக்கும்.
ஸ்ரியரிங்கிலிருந்து கையை ஒரு விரற்கடை தூக்கினன்.
இடம்.
திரும்பி வரேக்கை காற்று மற்றக் கன்னத்தில்.
தூக்கினன்.
இடம்.
காற்றே, மன்னிச்சுக்கொள்.

கேரதீவு நேர் றோட்டில்
முன்னுக்கும் பின்னுக்கும் ஆளில்லை.
பிழையான பக்கம் ஏறி,
வாட்டம் வலப்பக்கம் சரிய,
நெஞ்சு இடிக்க இடிக்க இருநூறு யார் ஓடினன்.
அங்கையும் இடம்.
யோகமலரும் தோத்தா.

ஜக் அடிச்சு
முன் ரயர் ரெண்டையும் பக்கம் மாத்தினன்.
நட்டுக்கு ஏறி மிதிச்சதில் செருப்பு அறுந்தது.
இடச்சில்லு கையைச் சுட்டது.
வெயில் எண்டு நினைச்சன்.
பூட்டி முடிய ஒரு மணித்தியாலம்.
ஓட்டினால் நேர்!
நூல் பிடிச்ச மாதிரி நேர்!
"ரயர்தான், ரயர்தான்" எண்டு
கண்ணாடி பூட்டின காருக்குள்ளை தனியக் கத்தினன்.
மூண்டு கிலோமீற்றர்.
பிறகு அந்தப் பழைய குசுகுசுப்பு.

வெறுத்துப்போய் நிப்பாட்டினன்.
அப்பதான் உறைச்சது:
காலமை ஏன் இழுக்கிறேல்லை?
ஆறினால் ஏன் நேர்?
மெசின் அளந்தது நிண்ட காரை.
இது ஓடேக்கை வாற வருத்தம்.

இறங்கி வலச்சில்லில் புறங்கை வைச்சன். இளஞ்சூடு.
இடச்சில்லு, கிட்டக் கொண்டுபோகவே
அடுப்பில் இருந்த அப்பச்சட்டி.
ஒரே வெயில்தானே ரெண்டுக்கும்.

திங்கள் நவரூபன் கழட்டிக் காட்டினான்.
காலிப்பர் ஊசி,
களப்புக் காற்றில் கறள் பிடிச்சு இறுகி.
"மிதிச்சாப் பிடிக்குது. விட்டா விடுகுதில்லை.
பிறேக்கோடதான் ஓடித் திரிஞ்சிருக்கிறியள்."
ஆறாயிரத்து ஐந்நூறு.

பின்னேரம் சேருக்குப் போன் எடுத்தன்.
"சேர், அது பிறேக்."
"ஓ" எண்டார்.
பின்னால் யாரோ மீன் விலை கேட்டினம்.
"நல்லதுதானே பிள்ளை" எண்டார்.
இன்னுமொண்டு சொல்ல இருந்தது எனக்கு.
"பஸ் பழகிப்போச்சு" எண்டு
அவர் முந்திக்கொண்டார்.

செவ்வாய். தனங்கிளப்பு வெளி.
முன்சீற்று, அவருக்காகத் தள்ளினது,
இன்னும் பின்னுக்கே இருக்கு.
கார் மெல்ல வெள்ளைக் கோட்டை நோக்கிப் போனது.
யோகமலர் கைபிடியைப் பிடிச்சா.
"ஐயோ, இப்ப வலமோ?"
இல்லை.
அது நான்.
இல்லாத இழுவைக்கு
இன்னும் எதிர்ப்பிடி பிடிச்சபடி என்ர கை.

முன்னால் பூநகரி பஸ்.
முந்த இடமிருந்தது.
பின்னாலேயே போனன்.