பாதி அட்டை

குடல்வால் வெடித்து மூன்று நாள் கழித்துத்தான்
அஞ்சாப்புலியைத் தூக்கி வந்தோம்.
அந்த மூன்று நாளும் அவர் வயிற்றுக்குள் போனது
துறைமுகத்து மெடிக்கலில் வாங்கிய பாதி அட்டை.
"வலி நிக்கல, இன்னும் ரெண்டு குடுங்க"
என்று போய் நின்றவள் நான்.

கடலூர் பெரியாஸ்பத்திரி. பதினேழாம் கட்டில்.
கிழித்துக் கழுவி
விலாவோரம் குழாய் விட்டுப் பை தொங்கவிட்டார்கள்.
டம்ளர் கழுவப் போகும் சாக்கில்
பையின் நிறத்தைப் பார்த்துக்கொள்வேன்.

விடிகாலை ஆறு, மதியம் ரெண்டு, ராத்திரி பத்து
பாட்டில் சொட்டும்.
வாயெல்லாம் துருப்பிடித்த ஆணி என்று
கஞ்சியைத் தள்ளிவிடுவார்.
காய்ச்சல் மட்டும் இறங்கவில்லை.

சீழ் எடுத்துப் போனவர்கள்
மூன்றாம் நாள் தாளோடு வந்தார்கள்.
பதினாலு மருந்து, எதிரே ஒற்றை ஒற்றை எழுத்து.
"இந்த ஒன்பதும் கேக்காது" என்றாள் பிலோமினா சிஸ்டர்.
அதில் ஒரு பெயர் எனக்குத் தெரியும்,
அட்டையின் முதுகில் எழுத்துக் கூட்டியிருக்கிறேன்.
மகளுக்குச் சளி, எனக்குக் கால் வீக்கம்,
அவருக்குக் கடலில் நனைந்த காய்ச்சல்,
எல்லாவற்றுக்கும் அதில் ரெண்டு.

அன்று சாயங்காலமே பாட்டில் மாறியது.

புது மருந்து ஏறி நாலாம் நாள்
உடம்பு குளிர்ந்து, காற்றுப் பிரிந்து
"இட்லி கிடைக்குமா" என்றார்.
டாக்டர் மணிமொழி சீட்டில் கோடு இழுத்தார்:
ஊசி போதும்.

எப்படிப் போதும்?
ஆயுசுக்கும் ரெண்டு மாத்திரைக்கு மேல் வாங்காதவள்
வார்டு வாசலை மறித்து
இன்னும் பத்து நாள் போடச் சொல்லிக் கத்தினேன்.
"உள்ள இருந்தத எடுத்தாச்சும்மா.
இனிமே போட்டா கிருமிக்குத்தான் பழக்கம்."
அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

முதுநகரில் பத்தொன்பது வருஷமாகக் கருவாடு போடுகிறேன்.
குடலை உருவாமல் உப்பு கொட்டினால்
மூட்டை தீர்ந்தாலும் நாற்றம் நிற்காது.
உருவிவிட்டால் வாளைக்கு ஒரு ராத்திரி,
சுறாவுக்கு மூணு நாள்.
அதற்கு மேல் கிடந்தால் சதை கல்லாகும்.
தெரிந்ததுதான்.
ஆனால் இது மீன் இல்லையே
என்று ஒரு ராத்திரி முழுக்க
அவர் நெற்றியில் புறங்கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

சூடு வரவில்லை.

குழாயை உருவினார்கள். நாளைக்கு வீடு.
சுருக்குப் பையில் சில்லறைக்கு அடியில்
மிச்சம் மூன்று மாத்திரை.
கட்டிலுக்கு எதிரே குப்பைக்கூடை
மஞ்சள், சிவப்பு, நீலம்.
எதில் போடுவதென்று
பிலோமினாவைக் கேட்க வேண்டும்.