நிறை, காலி

கோலா கெட்டில் பஸ் நிற்குமிடத்துக்கு எதிரே
சாவி வெட்டுகிறவர் கடையில் பாதி என் கடை.
அங்கே வந்துதான் கூப்பிட்டார்கள்.
செம்பனை ஆலையின் எடைக்கூண்டில்
கம்ப்யூட்டர் செத்துச் செத்துப் பிழைக்கிறதாம்.

கூண்டு என்றால் கூண்டேதான்.
ஒரு ஜன்னல், ஒரு காற்றாடி,
ஆணியில் தொங்கும் தேத்தண்ணிப் பொட்டலம்,
கிராணி கோகிலவாணி.
மேசைக் கண்ணாடிக்கு அடியில், பல் டாக்டர் அட்டைக்குப் பக்கத்தில்,
நிர்வாகத்தின் கடிதம்:
பதினொரு எடைச்சீட்டு காணவில்லை,
ஏனென்று ஏழு நாளில் எழுதித் தரவும்.

"எல்லாம் எழுதி வெச்சிருக்கேன், பாருங்க" என்று
ஒரு நோட்டை நீட்டினார்.
"அப்புறம் பாக்குறேங்கா."

என் கண் திரையில்.
நன்றாகத்தான் ஓடும். சட்டென்று
நீலம்.
படுக்கப் போட்ட சோக முகம் ஒன்று,
மன்னிப்புக் கேட்கிற மாதிரி இரண்டு வரி,
கீழே ஒரு காரணம்.
முதல் தடவை மெமரி என்றது.
அடுத்த தடவை டிரைவர்.
மூன்றாவதாகச் சொன்னது எனக்கே பிடிபடவில்லை.
கேட்கும்போதெல்லாம் வேறு காரணம் சொல்கிறவனை
நீங்கள் நம்புவீர்களா?
அவனை விட்டுவிட்டு அவன் வீட்டாரைப் பிடித்தேன்.

கழற்றினேன். நார்த்தூசி ஒரு பிடி,
பல்லி முட்டை இரண்டு.
பவர் சப்ளையை மாற்றினேன். டிரைவரை அழித்துப் புதிதாகப் போட்டேன்.
மெமரிச் சோதனையை ஓடவிட்டு வீட்டுக்குப் போனேன்.
விடிந்து வந்து பார்த்தால்
எட்டுச் சுற்று, பிழை பூஜ்யம்.

"மெஷின்ல குறை இல்ல" என்றேன்
மேனேஜர் ரஸ்லானிடம்.
அந்த ஒரு வாக்கியத்தில்
குறை யார் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தது என்று
எனக்கு உறைக்கவில்லை.
கோகிலவாணிக்கு உறைத்தது.
ஒன்றும் பேசவில்லை. நோட்டைத் திறந்து
என் ஸ்க்ரூடிரைவர் பெட்டிமேல் வைத்தார்.

தேதி. மணி. லோரி நம்பர். நிறையா, காலியா.
பதினொரு வரி.
பதினொன்றிலும் நிறை.
காலி லோரிக்கு ஒருநாளும் நீலம் வந்ததில்லை.

ராத்திரியில் ஏது லோரி?
விடிய விடிய நான் சோதித்தது
ஆடாத தரையை.

பத்தே முக்காலுக்கு அஞ்சப்பன் வந்தார்,
குலை குவிந்த லோரியோடு.
முன்சக்கரம் மேடையில் ஏறியது.
ஆணியில் பொட்டலம் லேசாக ஆடியது,
ஆடி நிற்பதற்குள்
நீலம்.

திரும்பவும் திறந்தேன்.
மெமரித் தகடு ஒன்றுக்கு ஒரு பக்கக் கொக்கி உடைந்து
மயிரிழை தூக்கி நின்றது.
முதல் நாள் இதே விரலால்தான் தொட்டுப் பார்த்திருந்தேன்.
பள்ளிக்கூட அழிப்பானால் அதன் பொன்பல் தேய்த்து
அடுத்த குழியில் அழுத்தினேன், க்ளிக் என்று.
மேசைக்கடியில் கிடந்த பழைய சிலிப்பரைக் கோகிலவாணி தள்ளிவிட,
நாலு துண்டாக வெட்டிப்
பெட்டிக்குக் கால் வைத்தேன்.

அப்புறம் இருவரும் காத்திருந்தோம்.
நிறை. நிறை. காலி. நிறை.
"கூண்டுக்குள்ள பேயா புடிக்கிறீங்க?" என்றார்
மறுநடை வந்த அஞ்சப்பன்.
ஆறு நிறை ஏறி இறங்கியது. திரை திரையாகவே இருந்தது.

ரஸ்லான் பில்லைப் பார்த்துச் சிரித்தார்,
அழிப்பானுக்கும் சிலிப்பருக்கும் அறுபது வெள்ளியா என்று.
அதே தாளின் கீழே மலாயில் எழுதினேன்:
குறை மெஷினில்தான் இருந்தது. நேற்று நான் சொன்னது தவறு.
கையெழுத்து, தேதி, கடைச் சாப்.
சாப் எதற்கு, வேண்டாமே என்றார்.
இரண்டு இடத்தில் குத்தினேன்.

"இனிமே எழுத வேணாங்கா, வராது" என்றேன் கிளம்பும்போது.
சரி என்று தலையாட்டினார்.
ஆட்டிக்கொண்டே அடிக்கோலை எடுத்து
அடுத்த பக்கத்துக்கு
நாலு கட்டம் போட்டார்.