பச்சைச் சீட்டு

எட்டாவது தட்டில் ஒரு கிளாம்ப் தளர்ந்திருந்தது.
பச்சைச் சீட்டில் அருமைநாயகத்தின் கையெழுத்து,
ஏறிப் பார்க்காமலே போட்டது.
சிவப்பை மாட்டிவிட்டு இறங்கினேன்.

விடிகாலை பஸ்ஸில்
நாற்பது பேர் கேட்கச் சொன்னேன்.
அதோடு விட்டேனா?
மகள் கல்யாணக் கடனில்
கண்ணும் போச்சா உமக்கு என்றேன்.
போன வாரம் விளக்கணைத்த பிறகு
மேல் கட்டிலிலிருந்து
எனக்கு மட்டும் அவர் சொன்ன கடன்.

பொழுது சாயுமுன் கோபத்தை இறக்கி வை என்று
வெள்ளிக்கிழமை ஜெபத்தில் வாசிப்போம்.
நைட் ஷிப்டுக்காரனுக்கு எது பொழுது என்று
சிரித்தும் இருக்கிறோம்.

சோஹாரில் அன்று பகல் முழுக்கத் தூக்கமில்லை.
ஏசித் தண்ணீர் வாளியில் சொட்டியது.
மேலே அவரும் புரண்டார்.
நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை,
அதுதான் தொல்லை.

ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
தளர விட்டால் குழாய் நழுவும்.
ஆத்திரத்தில் முறுக்கினால் மரை போய்விடும்,
அப்புறம் எதுவும் பிடிக்காது.
கை இதைப் பதினோரு வருஷமாக அறியும்.

ஐந்தே முக்கால்.
ஜன்னலில் ஒட்டிய அட்டையின் கிழிசலில்
வெயில் சிவந்தது.
எழுந்து நின்றேன், அவர் முகத்தின் உயரத்துக்கு.

"கிளாம்ப் லூஸ்தாண்ணே. அதை மாத்திச் சொல்ல மாட்டேன்.
பிள்ளைப் பேச்சை இழுத்தது தப்பு."

வெகுநேரம் வாளிச் சத்தம் மட்டும்.
"எந்தப் பக்கம்?" என்றார்.
"கடல் பக்கம்."

இறங்கினார். பூட்ஸைத் தேடினார்.
பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்,
பக்கத்தில் அல்ல.