நிலுவை

பிரான்சிலிருந்து வந்துவிட்டது
அத்தானின் பட்டாளப் பென்ஷன்,
பதினோரு வருட நிலுவை.
செலின் அக்கா போய்
மாசி வந்தால் ஒரு வருடம்.

முத்தியால்பேட்டை வீட்டுக்கு
மாடி எடு என்றார்கள்.
வங்கிக்காரர் வட்டி சொன்னார்.
பெரியாஸ்பத்திரி டயாலிசிஸ் வார்டுக்கு
எழுதிக் கொடுத்தேன்.

மெஷினில் பெயர் பொறிக்கட்டுமா?
வேண்டாம்.
அந்த வராண்டாவில் அவள் பெயரைக்
கூப்பிடும்போதெல்லாம்
என் கையை இறுக்கிப் பிடிப்பாள்.

எண்பது ரூபாய் மட்டும் எடுத்துக்கொண்டேன்.
கேட் எதிரே அந்தோணிராஜ் கடை நோட்டில்
இன்னும் இருக்கிறது:
'செவ்வாக்கிழமை அக்கா. டீ 4, பன் 4.'
குடித்தது, தின்றது எல்லாம் நான்.
அவளுக்குத் தண்ணீரே அளவு.

நோட்டை மூடினார்.
"வச்சிக்கங்க தம்பி,
அது அவங்க கணக்கு."