மூன்றாவது பொத்தானுக்குக் கீழே

ஐஸ் பெட்டி என்றே இதற்கும் பெயர்.
ஐஸ் இல்லை உள்ளே.
வெதுவெதுப்பான நீர்ப்பை இரண்டு, கிழிந்த கம்பளி,
ஏழு குப்பிகள்,
ஏழு பெயர் எழுதிய தாள்.

மருந்தைக் குளிரில் வைத்திருங்கள் என்று
உலான்பாத்தரில் பயிற்சி தந்தவர் சொன்னபோது
பின்வரிசையில் சிரித்துவிட்டோம்.
ஜவ்கானில் ஜனவரி, மைனஸ் முப்பத்தெட்டு.
குளிரை நாங்கள் எங்கே வைப்பது,
அதுதான் எங்களை வைத்திருக்கிறது.

கணவாய் ஏறுகையில் வண்டியின் ஹீட்டர்
இருமி நின்றது.
ஒரு மணி நேரம் அடியில் படுத்துக் கிடந்துவிட்டு
டாம்பா ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்.
அதுவும் கண்ணாடியில் பனியாய் ஒட்டிக்கொண்டது.

குப்பிகளை மார்போடு அணைக்கத்தான் கை போனது.
கூடாது.
என் உடம்பு முப்பத்தாறரை.
மருந்துக்கு வேண்டியது இரண்டிலிருந்து எட்டு.
சட்டைக்கு மேல், ஸ்வெட்டருக்கும் மேல்,
தேல் அங்கியின் ஆட்டுத்தோலுக்கு அடியில்,
மூன்றாவது பொத்தானுக்குக் கீழே
வெப்பமானி ஐந்து காட்டும் ஓரிடம் இருந்தது.
நாலு மணி நேரம் அங்கிருந்து கை எடுக்கவில்லை.
மூக்கு ஒழுகியது. ஒழுகட்டும்.

கூடாரத்துக்குள் போய்ப் பார்த்தால்
உறைபனி காட்டியில் பெருக்கல் குறி.
எப்போது என்று அது சொல்லாது.
எந்தக் குப்பி என்றும் சொல்லாது.
உறைந்து உருகியதும் உறையாததும்
பார்வைக்கு ஒரே பால்கலங்கல்.
மிச்சம் உயிரோடிருக்கிறதா என்று அறிய
ஒன்றைக் கொல்லவேண்டும்.

ஒன்றை எடுத்து வெளியே பனியில் நட்டேன்.
கல்லானது. உள்ளே கொண்டுவந்து உருகவிட்டேன்.
பிறகு மற்ற ஒவ்வொன்றையும்
அதோடு ஒரே கையில் பிடித்துக் குலுக்கி
மேசைமேல் வைத்தேன்.
செத்தது சீக்கிரம் அடியில் படிந்தது,
மேலே தெளிந்த நீர்.
ஆறும் கலங்கியே நின்றன.
கலங்கி நிற்பதைப் பார்த்து இத்தனை மகிழ்ந்தவள்
நானாகத்தான் இருக்கும்.

ஆறு குழந்தைகள் அழுதார்கள்.
தாளில் கடைசிப் பெயர், நோர்ஜ்மாவின் மகள்,
பத்து வாரத்துக்காரி,
தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அதையே போடேன்" என்றாள் நோர்ஜ்மா, மேசையைக் காட்டி.
"குத்தின வலி மட்டும்தான் மிஞ்சும்."
அவள் வாதாடவில்லை.
நாள் முந்திப் பிறந்து விறைத்த ஆட்டுக்குட்டி ஒன்று
வாசலுக்கும் அடுப்புக்கும் நடுவே சாக்கில் கிடந்தது.
அடுப்பருகே நகர்ந்துவிட்ட அதைக்
காலால் மெல்லப் பின்னுக்குத் தள்ளினாள்.

"பதினோராம் நாள் வருவேன்" என்றேன்.
"ஹீட்டர்?" என்றாள்.

டாம்பா தன் உப்புத் தேநீருக்குள்
பார்த்துக்கொண்டிருந்தார்.