நடுவரின் இடது கண்

நான்கு வருடம் பந்தைக் காதால் பார்த்தேன்.
கையில் பட்டால் சப்பென்று ஒரு சத்தம்,
மார்பில் பட்டால், உள்ளே ஓர் அறை இருப்பதுபோல், தொம்.
எல் ஆல்ட்டோவின் மண் மைதானத்தில்
ஞாயிறுதோறும் பெண்கள் ஆட்டம்.
உதைபட்ட ஒரு பந்து
மூன்றாகப் பிரிந்து என்னிடம் வரும்:
ஒன்று ஏறக்குறையப் பந்து,
மற்ற இரண்டும் அதன்மேல் ஈரமாய் வழிந்தபடி.
எட்டாம் எண்ணுக்குக் காட்டவேண்டிய மஞ்சள் அட்டையை
மூன்றாம் எண்ணுக்குக் காட்டினேன்.
எட்டாம் எண் சிரித்தாள்;
எத்தனை பற்களோ.

"நடுவரே, கண்ணு தெரியலையா?"
கம்பி வேலிக்கு அப்பாலிருந்து.
எல்லா ஊரிலும் நடுவர்களைக் கேட்பதுதான்.
என்னிடம் மட்டும் அது
வசையாக இல்லை,
நலம் விசாரிப்பதுபோல் இருந்தது.

நான்காயிரம் மீட்டர் உயரம்.
வெயில் உரசும், காற்றில் தூள்.
கசக்குவேன்.
"சோய்லா, ஏன் அழுகிறாய்?" என்பான் ரெமிஹியோ.
அரிக்கிறது என்பேன்.
இரண்டுக்கும் ஒரே சைகை.

கெட்டி லென்ஸ் வைத்துப் பார்த்தேன்.
பதினேழாவது நிமிடத்தில் அதன் அடியில்
ஒரு மணல் புகுந்தது.
ஆட்டத்தை நிறுத்திவிட்டு
கோல் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன்,
இருபத்திரண்டு பேர் காத்திருக்க.

மருத்துவர் வில்யேகாஸ்
என் கருவிழியின் வரைபடத்தைத் திரையில் விரித்தார்.
ஓரம் நீலம், பிறகு பச்சை,
நடுவுக்குச் சற்றுக் கீழே சிவப்பு.
"மலை மாதிரி இருக்கு."
"மலைதான். அதுதான் வியாதி."
வளைந்திருக்க வேண்டியது
மெலிந்து மெலிந்து கூம்பிவிட்டதாம்.
முழுதாக மாற்ற வேண்டியதில்லை,
இறந்த ஒருவரின் கருவிழியிலிருந்து
நகம் வெட்டிய துணுக்குபோல் இரண்டு பிறை,
உன்னுடையதற்குள் சுரங்கம் போட்டுச் செருகுவேன் என்றார்.

யாருடையது?
"அறுபத்தொரு வயது.
அதற்கு மேல் தாளில் இல்லை."

மரத்த கண்ணோடு விழித்துக் கிடந்தேன்.
லேசர் சத்தமே இல்லாமல் வட்டம் போட்டது.
காதுக்கு ஒன்றும் கிடைக்காத முதல் ஆட்டம்.
பிறகு நீலச் சாயத்தில் நனைத்த பிறை,
ஒரு கொக்கி, ஒரு தள்ளல்,
வெளிச்சம் நெளிந்து நிமிர்ந்தது.
"உள்ளே போயிற்று" என்றார்.
"கோல்" என்றேன்.
செவிலி சிரித்துவிட்டாள்.
"சிரிப்புக் காட்டாதே, இன்னொன்று இருக்கிறது."

செத்தவர் உன் வழியாக ஆட்டம் பார்க்கிறார்
என்கிறான் ரெமிஹியோ.
இல்லை, அது பார்ப்பதில்லை.
ஆடும் மேசையின் காலடியில்
மடித்துவைத்த அட்டைக்கு என்ன வேலையோ அந்த வேலை.
முட்டுக் கொடுக்கிறது. பார்ப்பது நான்.
ஆனாலும் முகம் கழுவும்போது
இடது பக்கம் மட்டும்
வாடகை வீட்டுச் சுவரைத் தொடுவதுபோல் தொடுகிறேன்.
அரித்தால் கைகளை அக்குளில் செருகிக்கொள்கிறேன்.

நான்காம் மாதம், இறுதி ஆட்டம்.
எண்பத்தெட்டாவது நிமிடம்.
பந்து ஒன்றாய் வந்தது.
அப்பழுக்கில்லாத ஒன்று என்று சொல்லமாட்டேன்,
கண்ணாடி போட்டிருக்கிறேன்,
இரவு விளக்குகளுக்கு இன்னும் ஒரு மெல்லிய வால் உண்டு.
ஆனால் பார்த்தேன்:
சிமோனாவின் முழங்கை,
பந்தின் தோல் அங்கே அமுங்குவதை.
சப் என்ற சத்தம்
அதற்குப் பிறகுதான் வந்துசேர்ந்தது.

விசில்.

வேலி குலுங்கியது.
"கண்ணு தெரியலையாடி உனக்கு?"
சுத்தமான வசை.
எத்தனை வருடம் ஆயிற்று!
சிரிப்பைக் கடித்துக்கொண்டு
பந்தைத் தூக்கிப் போய்
சுண்ணாம்புப் புள்ளியில் வைத்தேன்.
ஒரு புள்ளிதான் இருந்தது.