பற்று

நாச்சியார் ஊருணியின் வடகரையில்
மூன்றாம் படிக்கு இரண்டு விரல் கீழே நிற்கிறது தண்ணீர்.
கல்யாணப் பந்தித் தம்ளர்,
ஷாம்பு பாக்கெட்டின் கிழிந்த மூலை,
வெயில் தின்று உதிர்த்த நீல வாளியின் விளிம்பு.
சல்லடையில் தங்குவதை எண்ணிவிட்டு எறிகிறேன்.
தங்காமல் போவதுதான் என் ஆய்வு.

எள்ளைவிடச் சின்னது என்று
ஆட்டோ முத்தழகரிடம் காட்டினேன்.
"எள்ளும் தண்ணியும் இறைக்கிற இடந்தானம்மா,
இது யாருக்கு இறைச்சது?" என்றார்.

பாடப்புத்தகத்தில் பரப்புக் கவர்ச்சி என்றிருக்கிறது.
விழுங்குவது வேறு, இது மேல்தோலில் வந்து ஒட்டுவது.
சாயம், பூச்சிமருந்து, எண்ணெய்ப் பிசுக்கு:
தண்ணீரோடு சேராதவை
தண்ணீரோடு சேராத இன்னொன்றைத் தேடிப் போகின்றன.
காரைக்குடிப் பேரேட்டில் இதற்குத் தனிப் பத்தியே உண்டு.
பற்று.

ஆவியில் சுட்டெடுத்த சீமைக்கருவேலக் கரியை
உடைத்துப் பார்த்தால் உள்ளே வீடு.
முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு,
அதற்கும் பின்னால் அறைக்குள் அறை.
ஒரு கிராமைப் பிரித்து விரித்தால்
கல்யாணக் கொட்டகை போடலாம்.
எங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குப்
பதினோரு பங்காளிகள், பதினோரு சாவி,
ஆளுக்கொரு தேசத்தில்.
கரிக்குப் பூட்டில்லை.
சாயம் நடந்துபோய்க் கடைசி அறையில் படுத்துக்கொள்கிறது.

வாளித் துண்டுக்கு அறை ஏது என்றிருந்தேன்.
நுண்ணோக்கியில் பார்த்தால்
வெயில் அதற்கும் வெடிப்பு வெடிப்பாய்
வாசல் வைத்துக் கொடுத்திருக்கிறது.

நூறு பங்கு சாயம் ஊற்றினேன்.
நான்கு நாள் குலுக்கியில் ஆடியது.
தண்ணீரில் மிச்சம் முப்பத்தொன்று.
துகளைக் கழுவி எடுத்தது ஐம்பத்தெட்டு.
பதினொன்று எங்கே?

கணக்கு உதைத்தது.
சிகப்பி என் கூட்டலைப் பார்த்தாள்,
தராசைப் பார்த்தாள்,
அப்புறம் என்னைப் பார்த்தாள்.

விடிந்ததும்
துகளே போடாத வெற்றுக் குழாயை அளந்தேன்.
அதிலும் பத்தேமுக்கால் காணோம்.
குழாயின் சுவர் எடுத்து வைத்துக்கொண்டிருந்தது.
எதை அளக்கப் போனேனோ
அதில் செய்த பாத்திரத்திலேயே
எட்டு மாதம் அளந்திருக்கிறேன்.

முனீஸ்வரன் கோயில் தெருப் பழஞ்சாமான் கடையில்
எனாமல் தட்டுகளுக்கும் உடைந்த கடிகாரங்களுக்கும் நடுவே
கண்ணாடி மூடி போட்ட குப்பிகள், ஆறு.
"பூ வைக்கவா? இல்ல, ரிசார்ட்டுக்கா?"
"ஊருணித் தண்ணி வைக்க."
என்மேல் இரக்கப்பட்டோ என்னவோ
இருநூறு குறைத்தார்.
ஆறையும் கேரி பேக்கில் போட்டு
இரட்டை முடிச்சுப் போட்டுக் கொடுத்தார்.

குப்பியில் கணக்கு ஒத்துவந்தது, ஒன்று குறைய.
அந்த ஒன்றைச் சிகப்பி மன்னித்தாள்.

பிறகு பித்த உப்பு கரைத்து
உடம்புச் சூட்டில் துகளை ஊறவைத்தேன்.
நான்கு நாள் ஏறியதில் பாதி
நாற்பது நிமிடத்தில் இறங்கிவிட்டது.
வரவு என்று எழுதினேன்.
யார் பேரில் என்று கேட்கும் கட்டத்தில்
பேனா சும்மா நின்றது.

சனிக்கிழமை காலை
அயிரை கொண்டுவந்தாள் செகப்பாயி.
எந்தக் கண்மாய் என்று கேட்டேன்.
"மழை பெஞ்சா எல்லாத் தண்ணியும் ஒண்ணுதான், தாயி.
உனக்கு வேணுமா வேணாமா?"

அரைக்கிலோ வாங்கினேன்.
பாதியைக் குப்பியில் போட்டு
தேதி எழுதி ஒட்டினேன்.
மீதிக்குப் புளி கரைத்தேன்.